வீட்டுக்குப் பக்கத்தில் களஞ்சியம்: காணி உறுதி இல்லாதவரும் கேட்கலாம்

எம்பிலிப்பிட்டியவிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் பஸ் கொடகவெல, கஹவத்தை, பெல்மடுல்லை, இரத்தினபுரி என்று வந்து அவிசாவளையைத் தாண்டினால் கொஸ்கம வருகிறது. வீதியோரத்தில் கடைகள், பின்னால் வீடுகள், அதற்கும் பின்னால் இறப்பர் மரங்கள். பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இது இன்னொரு சிறு நகரம்தான்.

இங்குள்ள சலாவ இராணுவ முகாமின் ஆயுதக் களஞ்சியம் 2016 ஜூன் 5ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை மாலை வெடித்தது. இரவு முழுவதும் வெடித்துக்கொண்டே இருந்தது. சுற்றுவட்டாரத்தில் பல கிலோமீற்றர் தூரம் வரை இருந்த மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கொழும்பையும் மலையகத்தையும் இணைக்கும் ஏ4 வீதி மூடப்பட்டது. ஒரு இராணுவச் சிப்பாய் உயிரிழந்தார். நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் சேதமடைந்தன. வீடு திரும்பிய மக்களிடம், முற்றத்தில் கிடக்கும் உலோகத் துண்டுகளைத் தொட வேண்டாம் என்று சொல்லப்பட்டது. அதன்பின் நட்டஈடு தாமதமாவதாகச் சொல்லியும், முகாம் மீண்டும் அங்கு வேண்டாம் என்று கேட்டும் அந்த ஊர் மக்கள் போராடினார்கள்.

சலாவ முகாம் அமைந்திருந்தது, முன்னர் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை இருந்த இடத்தில். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வீடு கட்டியவர்கள் ஒருநாள் ஆயுதக் கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களாக மாறிப்போனார்கள். வீடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த பொருள்தான் மாறியது. அதைப் பற்றி யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

ஒரு பெரிய களஞ்சியம் வீடுகளுக்குப் பக்கத்தில் வரும்போது மக்கள் ஏன் எதிர்க்கிறார்கள், எதிர்ப்பதற்கு இலங்கைச் சட்டத்தில் என்ன வழி இருக்கிறது, காணி உறுதி இல்லாமல் லயன் அறையில் இருக்கும் ஒருவர் அந்த வழிகளில் எதைப் பயன்படுத்தலாம் என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரை.

களஞ்சியம் என்றால் என்ன பிரச்சினை?

களஞ்சியம் தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நெல், மிளகு, தேயிலை, உரம் எதுவாக இருந்தாலும் வைக்க ஓர் இடம் வேண்டும். ஆனால், ஊர்ச் சங்கம் மிளகு மூட்டை வைக்கும் கட்டடமும், கொள்கலன் லொறிகள் இரவு பகலாக வந்துபோகும் ஏக்கர் கணக்கான கட்டடமும் ஒன்றல்ல.

முதலாவது வீதி. தோட்டப்புற வீதிகள் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிக்காகப் போடப்பட்டவை. பாடசாலைப் பிள்ளைகள் அதன் ஓரத்தில்தான் நடக்கிறார்கள். நாற்பது அடிக் கொள்கலன் வந்தால் அந்த ஓரம் இல்லாமல் போகும்.

இரண்டாவது தண்ணீர். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீற்றர். அந்த அளவு கூரைமேல் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், நான்கு இலட்சம் லீற்றருக்கும் மேற்பட்ட தண்ணீர் கூரையிலிருந்து இறங்கும். முன்பு மண்ணும் தேயிலை வேரும் ஓரளவு உறிஞ்சிய அந்தத் தண்ணீர், பிறகு ஒரே கான் வழியாகக் கீழே உள்ள வீடுகளை நோக்கி வரும். இரத்தினபுரி நகரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் வெள்ளமும் மண்சரிவும் இந்த மாவட்டத்தில் எத்தனை உயிர்களைக் கொண்டுபோயின என்பதை இங்குள்ளவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இதே சப்ரகமுவ மாகாணத்தில், கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் 2016 மே 17ஆம் திகதி ஒரு மலைப்பக்கமே சரிந்து இறங்கியது.

மூன்றாவதுதான் முக்கியமானது. உள்ளே என்ன வைக்கப்படும்? வீதியும் தண்ணீரும் வெளியே நின்று பார்த்தால் தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. இன்று சீமெந்து மூட்டை வைத்த கட்டடத்தில் நாளை இரசாயனம் வைக்கலாம். அனுமதி கட்டடத்துக்குக் கிடைத்துவிட்டது, பொருளை யார் பார்க்கப் போகிறார்கள்?

தெரியாத பொருளின் விலை

வடக்கு, கிழக்கு வாசகர்களுக்குக் கரடியனாறு ஞாபகம் இருக்கும். 2010 செப்டெம்பர் 17ஆம் திகதி மட்டக்களப்பு மாவட்டத்தின் கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் வைக்கப்பட்டிருந்த வெடிபொருள் கொள்கலன்கள் வெடித்தன. அவை போரில் மிஞ்சிய குண்டுகள் அல்ல. வீதி அமைக்கும் வேலைக்காகச் சீன நிறுவனம் ஒன்று பயன்படுத்திய டைனமைட். இரண்டு சீனர்கள், பொலிஸார், பொதுமக்கள் என இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பொலிஸ் நிலையம் தரைமட்டமானது. போர் முடிந்து பதினாறு மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஷெல்லுக்குத் தப்பிய மக்கள், தங்கள் ஊருக்கு வீதி போட வந்த பொருளில் அகப்பட்டார்கள்.

2020 ஓகஸ்ட் 4ஆம் திகதி லெபனான் தலைநகர் பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்ததும் ஒரு களஞ்சியம்தான். அங்கு சுமார் 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று ஆறு வருடங்களாகக் கிடந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த பிறகுதான், சென்னை மணலியில் ஒரு கொள்கலன் முனையத்தில் 2015இல் கைப்பற்றப்பட்ட சுமார் 700 தொன் அதே பொருள் குடியிருப்புகளுக்கு அருகே கிடப்பது பெரும் பேச்சானது. சில நாட்களிலேயே அதை ஏலத்தில் எடுத்தவர்கள் ஹைதராபாத் பக்கம் கொண்டுபோனார்கள். ஐந்து வருடம் அசையாத பொருள் ஒரு வாரத்துக்குள் அசைந்தது. அதற்கு வேறொரு நாட்டில் இருநூறு பேர் சாக வேண்டியிருந்தது.

இந்தச் சம்பவங்கள் எல்லாவற்றிலும் அயலில் இருந்தவர்கள் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அங்கே என்ன வைத்திருக்கிறீர்கள்? வெடித்த பிறகு கேட்பதற்கு மிஞ்சுவது நட்டஈடு மட்டும்.

கொடகவெலவில் யார் கேட்பது?

இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் நுவரெலியாவைப் போல அல்ல. தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கின்றன. கொடகவெல, றக்குவானை, கஹவத்தைப் பகுதிகளில் வாழும் தமிழர்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள். பிரதேச சபையில் அவர்களுக்காகப் பேசும் குரலும் சிறியது.

1977, 1981, 1983 வன்முறைகளில் இந்த மாவட்டத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறின. பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற கிராமங்களில் இன்று இருக்கும் பலரின் வேர் மலையகத்தில்தான். அங்கும் போர் அவர்களைத் துரத்தியது. அங்கும் பலருக்குக் காணிப் பத்திரம் நீண்டகாலப் பிரச்சினை. போகாமல் இங்கேயே இருந்தவர்கள் நான்கு, ஐந்து தலைமுறையாக லயனில் இருக்கிறார்கள்.

அந்த லயன் யாருடையது? 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் அதன் 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. பிறகு அது நீண்டகாலக் குத்தகையானது. ஆக, காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, குடியிருப்பவருக்கு எழுத்தில் எதுவும் இல்லை. தனி வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணி கிடைத்தவர்கள் ஒரு சிறு பகுதியினர். ஒரு ஏக்கரில் 160 பேர்ச்சஸ். அதாவது ஒரு ஏக்கர் களஞ்சியம் எழும் இடத்தில் இருபத்திரண்டு குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ் வீதம் பிரித்துக் கொடுக்கலாம். தலைமுறைகளாக வீட்டுக்கு இல்லை என்று சொல்லப்பட்ட காணி, ஒரு கட்டடத்துக்கு என்றதும் எப்படிக் கிடைக்கிறது என்று தோட்டத்தில் கேட்பார்கள். அது நியாயமான கேள்வி.

பிரதேச சபைகளின் நிலையும் கவனிக்க வேண்டியது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆவது பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதி செலவழிப்பதற்குத் தடையாக நீண்டகாலம் இருந்தது. வாக்களிக்கும்போது பிரதேச சபைக்கு உட்பட்டவர்கள், வீதிக்கும் விளக்குக்கும் தோட்ட நிர்வாகத்துக்கு உட்பட்டவர்கள் என்பதே நிலை. 2018இல் தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. ஆகவே, பிரதேச சபைக்குப் போய்க் கேள்வி கேட்கும் பழக்கமே தோட்டங்களில் வளரவில்லை. அது மக்களின் குறை அல்ல.

சட்டம் எங்கே கதவைத் திறக்கிறது?

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம், 1988இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம், பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் அனுமதி பெற வேண்டும் என்கிறது. எவை பெரிய திட்டங்கள் என்பதை 1993 ஜூன் 24ஆம் திகதிய 772/22 இலக்க அதிவிசேட வர்த்தமானி பட்டியலிடுகிறது. 10 ஹெக்டேயருக்கு மேற்பட்ட கைத்தொழிற்பேட்டை, 4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலம் நிரப்புதல், ஒரு ஹெக்டேயருக்கு மேல் காட்டை வேறு தேவைக்கு மாற்றுதல், 50 ஹெக்டேயருக்கு மேல் காணி துப்புரவாக்குதல் போன்றவை அதில் உண்டு. சாதாரண சரக்குக் களஞ்சியம் அதில் தனி வகையாகச் சொல்லப்படவில்லை. ஆகவே, களஞ்சியம் வரும் காணி எப்படிப்பட்டது, எவ்வளவு பெரியது என்பதை வைத்தே சட்டம் பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.

பொருந்தினால், இரண்டு வகை அறிக்கைகளில் ஒன்று கேட்கப்படும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை என்றால், வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வர வேண்டும். 30 நாட்களுக்குள் யாரும் கருத்து எழுதலாம். ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை என்ற சிறிய அறிக்கை மட்டும் என்றால், 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்த 30 நாள் கட்டாயம் இல்லை. ஆகவே எந்த அறிக்கை கேட்கப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதே முதல் வேலை.

இரத்தினபுரி, கேகாலை போன்ற மண்சரிவு அபாய மாவட்டங்களில் இன்னொரு கதவும் உண்டு. அபாயப் பகுதிகளில் கட்டடம் எழுப்புமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டு அறிக்கை பெறப்பட வேண்டும். மேட்டை வெட்டித் தளம் அமைக்கும் களஞ்சியத்துக்கு இது மிக முக்கியம். வெட்டிய மேட்டுக்கு மேலேயோ கீழேயோ லயன் இருந்தால் இன்னும் முக்கியம்.

கட்டட அனுமதி பிரதேச சபையிடமிருந்து வருகிறது. நகர அபிவிருத்திப் பகுதியாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடம் என்றால், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நகர அபிவிருத்தி அதிகாரசபையின் விதிகளும் சேரும்.

இந்த இடத்தில் புலம்பெயர்ந்த வாசகர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனிப்பார்கள். பிரித்தானியாவில் வீட்டுக்குப் பக்கத்தில் களஞ்சியம் வருவதென்றால், உள்ளூராட்சி சபை அயலவருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும் அல்லது அந்த இடத்தில் அறிவித்தல் ஒட்ட வேண்டும். கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாள் கிடைக்கும். வாடகைக்கு இருப்பவரும் எழுதலாம். இலங்கையில், பட்டியலில் அடங்காத கட்டடம் என்றால், பெரும்பாலும் டோசர் வந்து நின்ற பிறகே ஊருக்குத் தெரியவருகிறது.

உறுதி கேட்காத வழிகள்

தோட்டத்தில் இருப்பவர்கள் பலர் நினைப்பது, காணி நம் பெயரில் இல்லை, நாம் எப்படிக் கேட்பது என்று. பின்வரும் வழிகள் எதுவும் காணி உறுதி கேட்பதில்லை.

ஒன்று, தகவல் அறியும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி எந்தப் பிரஜையும் அரச நிறுவனத்திடம் தகவல் கேட்கலாம். தமிழில் எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தில் குறித்தொதுக்கப்பட்ட அலுவலரிடமும், பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். அரசாங்கத்தின் சொந்தத் திட்டம் என்றால், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்டவற்றின் விபரங்களை வேலை தொடங்குவதற்கு 3 மாதத்துக்கு முன்பே பொறுப்பான அமைச்சர் வெளியிட வேண்டும் என்றும் இச்சட்டத்தின் 9ஆவது பிரிவு சொல்கிறது.

கேள்விகள் சுருக்கமாக இருக்கட்டும். கட்டட அனுமதி வழங்கப்பட்டதா, எந்தத் திகதியில்? எந்தப் பாவனைக்காக? என்னென்ன பொருள் வைக்க அனுமதி? மண்சரிவு அறிக்கை பெறப்பட்டதா, அதன் பிரதி? சுற்றாடல் அனுமதி தேவையில்லை என்று முடிவெடுத்தது யார்? ஒரு தாளில் இந்த ஐந்தும் அடங்கும். பிரதேச சபைக்கு ஒன்று, மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு ஒன்று, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒன்று.

இரண்டு, பொதுத் தொல்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆவது பிரிவின் கீழ், பொதுமக்களுக்குத் தொல்லையாக இருப்பதை அகற்ற நீதவான் உத்தரவிடலாம். தீப்பிடிக்கவோ வெடிக்கவோ கூடிய பொருளை வைத்திருப்பதும் இதில் அடங்கும். பொலிஸ், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகியோரின் அறிக்கை மூலம் இது நீதிமன்றத்துக்குப் போகலாம்.

மூன்று, உயர் நீதிமன்றம். அடிப்படை உரிமை மீறல் என்றால் ஒரு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். இந்தக் காலக்கெடுவைத் தவறவிட்டே பல ஊர்கள் வாய்ப்பை இழக்கின்றன. பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

நீதிமன்றம் போய் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு தீர்ப்புகள். அநுராதபுர மாவட்டம் எப்பாவலையில் பொஸ்பேற்று அகழ ஒரு வெளிநாட்டுக் கம்பனியுடன் அரசாங்கம் செய்யவிருந்த ஒப்பந்தத்தை எதிர்த்து அங்குள்ள கிராமத்தவர்கள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். அரசாங்கம் நாட்டின் வளங்களுக்கு உரிமையாளர் அல்ல, மக்களுக்காக வைத்திருக்கும் பொறுப்பாளர் என்ற நிலைப்பாட்டில் நின்று, முழுமையான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் இன்றி முன்செல்லக்கூடாது என்று 2000 ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மற்றது சுன்னாகம். மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பாருங்கள். எப்பாவலையில் மக்கள் முன்கூட்டியே போனார்கள், நிலம் தப்பியது. சுன்னாகத்தில் எண்ணெய் கலந்த பிறகு போனார்கள், பணம் கிடைத்தது. கிணறு பழையபடி ஆக எத்தனை வருடம் என்று யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

சிங்கள அயலவரும் சேர்ந்தால்

வீதியில் இறங்குவதற்குத் தோட்ட மக்கள் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. 1981ஐக் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். தமிழர்கள் கூடி நின்றால் அது வேறு விதமாகப் பார்க்கப்படும் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அதே வேளை, 2013 ஓகஸ்ட் 1ஆம் திகதி வெலிவேரிய ரத்துபஸ்வலவில் சுத்தமான குடிநீர் கேட்டு வீதிக்கு வந்த சிங்களக் கிராம மக்கள்மீதும் இராணுவம் சுட்டது. மூவர் இறந்தார்கள். இறந்தவர்களில் பாடசாலை மாணவர்களும் இருந்தார்கள்.

கூரையிலிருந்து இறங்கும் தண்ணீர் லயனுக்கும் கிராமத்துக்கும் ஒரே வழியில்தான் போகும். கொடகவெல போன்ற இடத்தில், தோட்டத் தலைவரும் கிராமத்தின் மரண உதவிச் சங்கமும் விகாரையின் தேரரும் கோவில் தர்மகர்த்தாவும் ஒரே கடிதத்தில் ஒப்பமிட்டால் பிரதேச சபை அதை ஒதுக்கி வைப்பது கடினம். சிங்களத்தில் ஒரு பிரதி, தமிழில் ஒரு பிரதி. கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்க வேண்டும். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருக்க வேண்டும். பிறகு நீதிமன்றம் வரை போக நேர்ந்தால் அந்தச் சிறு துண்டுதான், எப்போது கேட்டீர்கள் என்பதற்குச் சாட்சி.

வேலை கிடைக்கும் என்ற பேச்சும் வரும். அதையும் எழுத்தில் கேட்க வேண்டும். எத்தனை வேலை, யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று. இலண்டனிலும் டொரொன்டோவிலும் களஞ்சியங்களில் வேலை செய்யும் நம்மவர்களைக் கேட்டால், அவ்வளவு பெரிய கட்டடத்துக்குள் எத்தனை பேர் தேவைப்படுகிறார்கள் என்று சொல்வார்கள்.

எல்லாக் களஞ்சியத்தையும் எதிர்க்க வேண்டும் என்பதல்ல இங்கு சொல்லப்படுவது. வீதி அகலம், கான் போகும் திசை, வெட்டும் மேடு, வைக்கும் பொருள் ஆகிய நான்குக்கும் பதில் சரியாக இருந்தால் ஊர் அதை ஏற்றுக்கொள்ளலாம். பதில் வராவிட்டால் எதிர்க்கலாம். சலாவ மக்களுக்கு அந்தக் கேள்விகளைக் கேட்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. டோசர் வருவதற்கு முன், ஒரு தாளில், தமிழில் எழுதிக் கேட்கக் காணி உறுதி தேவையில்லை.